பழைய ஜீப்புக்குப் பெயர்த்தகடும் இருக்கையும்: போடியிலிருந்து ஒரு குஷன்காரியின் கைப்பக்குவம்

பழைய ஜீப் வாங்கியவர்கள் என் கடைக்கு வந்ததும், "அக்கா, முன்னால் என்ன எழுத்து வைக்கலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் பானெட்டைத் தூக்கச் சொல்வேன். உள்பக்கம், பக்கவாட்டுத் தகட்டில் கையை வைத்து மெல்லத் தடவிப் பாருங்கள் என்பேன். சில வண்டிகளில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். வெளியே எத்தனை முறை பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தாலும், தகட்டிலேயே அழுத்தி எடுத்த எழுத்து உள்ளே இடவலம் மாறி அப்படியே இருக்கும். வண்டிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, அது புதைந்து கிடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

போடிநாயக்கனூரில் நான் குஷன் கடை நடத்துகிறேன். அப்பா தொடங்கிய கடை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு இருக்கையும் மேல்கூரைத் துணியும் தைப்பதுதான் அன்றும் இன்றும் எங்கள் பிழைப்பு. விடியுமுன்னே பெண்கள் தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்து போடிமெட்டு வழியாக மலைக்குப் போவார்கள்; மாலையில் அதே வண்டி ஏலக்காய் வாசத்தோடு திரும்பும். அந்த வாசம் கேன்வாஸில் ஏறிவிட்டால் துவைத்தாலும் போகாது. அப்பா விட்டுப்போன வண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. உயரமான பானெட் கொண்ட சி.ஜே.3பி ரக ஜீப். அதில் செய்து பார்த்தவற்றையும், வாடிக்கையாளர் வண்டிகளில் கற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

என் கடையில் ஒரு விதி உண்டு. புதிதாக எதை மாட்டினாலும், நாளை அதைக் கழற்றினால் பழைய தகட்டில் தடம் தெரியக்கூடாது. கீழே சொல்வதெல்லாம் அந்த விதிக்குள்தான்.

எந்தப் பெயர் உங்கள் வண்டிக்கு உரியது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் டொலீடோ நகரில் இருந்த வில்லிஸ்-ஓவர்லேண்ட் நிறுவனம் இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945-இல், பொதுமக்களுக்கென்று சி.ஜே.2ஏ வண்டியைக் கொண்டுவந்தது. சி.ஜே. என்பது 'சிவிலியன் ஜீப்' என்பதன் சுருக்கம். நம் ஊரில் 1947-இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கிக் கொடுக்கத் தொடங்கியது. 1953-இல் வந்த சி.ஜே.3பி-யில் இன்ஜின் உயரமாக இருந்ததால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் அது 1968-இல் நின்றுவிட்டது. இந்தியாவில் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அந்த உடலமைப்பு தொடர்ந்தது. போர்க்கால வண்டியின் முகப்புத் தகட்டில் ஒன்பது பிளவுகள். பொதுமக்கள் வண்டியில் ஏழு. ஏழு பிளவு முகப்பை வைத்துக்கொண்டு, '1942 போர் வண்டி' என்று தகடு அடித்து மாட்டச் சொல்லி ஒருவர் வந்தார். நான் செய்து தரவில்லை. வண்டி எந்த ஆண்டில் பிறந்ததோ அந்த ஆண்டின் பெயரைத்தான் அது சுமக்க வேண்டும். வண்டியை ஒருநாள் வேறொருவர் வாங்குவார். அவர் அந்தத் தகட்டை நம்பித்தான் பணம் கொடுப்பார்.

புதைந்த எழுத்தை மீட்பது பொறுமையான வேலை. இருட்டிய பிறகு டார்ச் விளக்கைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேரே அடித்தால் எதுவும் தெரியாது; சாய்த்து அடித்தால் எழுத்தின் விளிம்பு நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அந்த நிழலைச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். மறுநாள் பெயிண்ட் ரிமூவரை அந்த இடத்துக்கு மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் இருபது நிமிடம் மூடி வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். பிறகு மூங்கில் சிம்பு ஒன்றை உளிபோலச் சீவி, எழுத்தின் ஓரத்தைச் சுரண்டுங்கள். இரும்பு ஸ்கிராப்பர் வேண்டாம். அது விளிம்பின் வளைவைச் சிராய்த்துவிடும். பட்டி அதிகமான இடத்தில் இதையே மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஐந்து நிமிடத்தில் முடிப்பதாக யாராவது சொன்னால் விடாதீர்கள். அழுத்தி எடுத்த இடத்தில் தகடு ஏற்கெனவே இழுபட்டு மெலிந்திருக்கும். ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஓட்டை விழும்.

தகடு தெரிந்ததும், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், கல்வெட்டைப் படியெடுப்பதுபோல ஒரு படி எடுத்து வையுங்கள். மெல்லிய தாளை ஒட்டி வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்தின் உருவம் அளவு மாறாமல் வந்துவிடும். நாளை பானெட் நசுங்கினாலும் டிங்கரிங் செய்பவருக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டி. என் வண்டியின் படியை அப்பாவின் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

எழுத்துக்கு வேறு நிறம் கொடுக்க நினைத்தால் பிரஷ் எடுக்காதீர்கள். சிறு மரக்கட்டையில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி, எனாமலை ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லியதாகப் பரப்பி, கட்டையை அதில் தொட்டு எழுத்தின் தலையில் மட்டும் ஒற்றி எடுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் போடும் அதே பக்குவம். ஒரே தடவையில் அடர்த்தி வர வேண்டும் என்று அழுத்தினால் வழியும். காயவிட்டு மூன்று முறை ஒற்றினால் விளிம்பு கத்திபோல நிற்கும்.

அழுத்திய எழுத்து இல்லாத வண்டிக்குத்தான் தனித் தகடு. அசல் தகடு கிடைத்தால் அதுவே நல்லது, முலாம் உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய பளபளப்புத் தகடுகளில் பல, துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கையில் எடுத்தால் பித்தளையைவிட லேசாக இருக்கும். முலாம் போன இடத்தில் மஞ்சள் தெரியாது, சாம்பல் தெரியும். மேலே சிறு கொப்பளங்கள் இருக்கும். முலாம் பூசும் பட்டறையில் பழைய முலாமை எடுக்க அமிலத் தொட்டியில் போடுவார்கள். இரும்புக்கும் பித்தளைக்கும் அது சரி, துத்தநாகத்தைத் தின்றுவிடும். ஒரு பட்டறையில் சொல்லாமல் கொடுத்துவிட்டு, என் வண்டியின் பின்பக்கத் தகட்டில் பாதியைத்தான் திரும்ப வாங்கினேன். இரண்டு எழுத்துகள் கரைந்தே போயிருந்தன. "இது துத்தநாக வார்ப்பு, அமிலத்தில் முக்காதீர்கள்" என்று தாளில் எழுதிக் கட்டிக் கொடுங்கள். செய்யத் தெரியாது என்று அவர்கள் சொன்னால் அப்படியே திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

அசலைப் பார்த்துப் பித்தளையில் புதிதாக வார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மண் அச்சில் ஊற்றிய பித்தளை ஆறும்போது ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் சுருங்கும். 20 செ.மீ. நீளத் தகட்டை மாதிரியாக வைத்து வார்த்தால், கைக்கு வருவது 3 மி.மீ. குறைந்துதான் வரும். பார்வைக்குத் தெரியாது. ஆனால் பின்னால் உள்ள ஆணிகள் பானெட்டின் துளையில் உட்காராது. அப்போதுதான் பலரும் டிரில்லை எடுத்துப் பழைய துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை போடுகிறார்கள். அதற்குப் பதிலாக, வார்க்கும்போதே ஆணி இல்லாமல் வார்க்கச் சொல்லுங்கள். வந்த தகட்டை வண்டித் துளைகளின் மேல் வைத்துக் குறித்து, பின்புறம் பாதி ஆழத்துக்குத் துளையிட்டு மரை போட்டு, சிறு பித்தளைத் திருகைப் பொருத்தினால் சரியாக உட்காரும். தகடு குறைந்தது 5 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரை பிடிக்காது.

பித்தளையை இரும்புத் தகட்டின் மேல் நேரடியாக உட்காரவைக்காதீர்கள். மழை ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் துரு பிடிப்பது இரும்புதான், அதுவும் துளையின் விளிம்பில் தொடங்கும். தகட்டின் உருவத்துக்கே சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி, அரை மி.மீ. உள்ளே தள்ளி அடியில் வையுங்கள். பானெட் சூடு ஏறி ஏறி ரப்பர் காயும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். துளையின் வெறும் இரும்பு விளிம்புக்கு முதலில் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சைத் தொட்டு வைப்பதை மறக்காதீர்கள். பித்தளையைப் பளபளப்பாக்கப் புளி போட்டுத் துலக்குவது நம் வீட்டுப் பழக்கம், அருமையான பழக்கமும்கூட. தகட்டைக் கழற்றித் துலக்குங்கள், வண்டியில் வைத்துத் துலக்காதீர்கள். புளித் தண்ணீர் கீழே வழிந்த தடத்தில் பெயிண்ட் மங்கிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

துளையே இல்லாத இடத்தில் தகடு வேண்டும் என்றால் இரட்டைப் பக்க நுரை டேப் போதும். நல்ல தரமான அக்ரிலிக் டேப் வாங்குங்கள். புதுப் பெயிண்ட் என்றால் மூன்று வாரமாவது காயவிடுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவ வேண்டாம். எடுக்க வேண்டிய நாளில், தகட்டுக்குப் பின்னால் நைலான் மீன் நூலை விட்டு ரம்பம்போல இழுத்தால் பெயிண்டில் கீறல் இல்லாமல் வந்துவிடும்.

முகப்புப் பிளவுகளின் மேல் மட்டும் எதையும் மாட்டாதீர்கள். போடிமெட்டுக்கு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பாலும் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிற ஏற்றம். அந்தப் பிளவுகள் வழியே வரும் காற்றுதான் ரேடியேட்டருக்கு மூச்சு. பெரிய எழுத்துப் பலகையும் இரண்டு பனி விளக்கும் முகப்பை மறைத்த வண்டி, பாதி வழியில் கொதித்து நின்றதை நேரில் பார்த்தேன். பெயர்ப்பலகையைக் கழற்றிய பிறகு அதே வண்டி அதே ஆட்களோடு நிற்காமல் ஏறியது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராணுவப் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. மத்திய மோட்டார் வாகன விதி 121 அப்படித்தான் சொல்கிறது. எனவே பச்சைக்கு ஆசைப்பட்டால் இருக்கைத் துணியிலும் கூரையிலும் வைத்துக்கொள்ளுங்கள், தகட்டில் வேண்டாம். ராணுவ எண்ணில் வரும் மேல்நோக்கிய அம்புக்குறியும் நமக்கு உரியதல்ல. 50 ஆண்டைக் கடந்த வண்டிகளைத் தனி வரிசை எண்ணில் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021-இல் விதி வந்தது. அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விட முடியாது. தடம் தெரியாமல் கழற்றும்படி மாட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உள்ளே வருவோம். இது என் சொந்தத் தொழில்.

இருக்கையைத் தொடுமுன் பெட்ரோல் டாங்க் எங்கே என்று பாருங்கள். பழைய வில்லிஸ் வடிவமைப்பில் டாங்க் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில்தான். பெல்ட் மாட்டவோ பெட்டி வைக்கவோ இருக்கையைச் சுற்றி டிரில் போடுபவர்கள் கீழே குனிந்து பார்க்காமல் தொடவே கூடாது. அங்கே வெல்டிங் என்ற பேச்சே வேண்டாம். இருக்கையின் இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தால் அதைக் கழற்றி வெளியே எடுத்துப்போய்ப் பற்றவையுங்கள்.

திறந்த ஜீப்புக்கு ரெக்ஸின் எனக்குப் பிடிக்காது. வெயிலில் சுடும், மழையில் தையல் துளை வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே விடாது. கனமான பருத்திக் கேன்வாஸ் நனைந்தால் நூல் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். காற்று பட்டால் காய்ந்தும் விடும். தைக்கும் நூல் மட்டும் பருத்தியாக இருக்கக்கூடாது, இரண்டு மழைக்காலத்தில் இற்றுவிடும். பாலியெஸ்டர் நூல் போடுங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைக்காதீர்கள். நெருங்கிய துளைகள் தபால் தலையின் ஓரம்போலத் துணியை அந்தக் கோட்டிலேயே கிழிய வைக்கும். ஓர் அங்குலத்துக்கு ஆறு தையல், ஏழுக்கு மேல் போகாதீர்கள். ரெக்ஸின்தான் வேண்டும் என்பவர்களுக்கு, இருக்கையின் அடித்துணியில் ஆறு இடத்தில் பித்தளைக் கண்ணி அடித்துக் கொடுக்கிறேன். உட்காரும்போது காற்று அதன் வழியே வெளியேறும், தண்ணீரும் வடியும்.

பஞ்சு கனம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். சொகுசுக்காக நான்கு அங்குலம் வைத்துத் தைத்துப் போன ஒருவர் மறுவாரம் திரும்பி வந்தார். தொடை ஸ்டீரிங்கில் இடித்தது, பள்ளத்தில் வண்டி குதித்தபோது தலை கூரைக் கம்பியில் பட்டது. பின் இருக்கைக்காரர்களுக்குப் பஞ்சைவிடக் கைப்பிடிதான் தேவை. பக்கவாட்டில் உட்கார்ந்து வளைவில் போகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. கட்டிலுக்குப் போடும் நாடாவை நான்கு மடிப்பாக மடித்து, நடுவில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் கயிற்றுத் துண்டை உள்ளே வைத்துத் தைத்து, கூரைக் கம்பியில் சுற்றி மாட்டுங்கள். ஒரு வளையத்துக்கு ஒன்றரை மீட்டர் நாடா போதும். ஈரக் கையிலும் வழுக்காது. நான் செய்த துணைப்பொருட்களில் தோட்டத்துப் பெண்கள் கேட்டு வாங்கியது இது ஒன்றைத்தான்.

டேஷ்போர்டில் அசல் அறிவிப்புத் தகடுகள் இருந்தால் அவற்றை விட்டுவிடாதீர்கள். பழைய ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு கம்பிகள் உண்டு: ஒன்று முன் சக்கரங்களும் இழுக்கும்படி முன் அச்சைச் சேர்க்க, இன்னொன்று வேகத்துக்கு ஹை, இழுவைக்கு லோ என்று மாற்ற. முன் அச்சைச் சேர்த்த பிறகுதான் லோ போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் முன் அச்சைச் சேர்த்து ஓட்டக்கூடாது. புதிதாக ஓட்ட வருபவருக்கு இதைச் சொல்லித்தருவது அந்தத் தகடுதான். அசல் தொலைந்திருந்தால் அலுமினியத் தகட்டில் பொறித்து வாங்கலாம். நான் அதையே தமிழில் பொறித்து, பழைய துளைகளிலேயே நட்டு போட்டு மாட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் ஓட்டுநர்களுக்கு அது பயன்படுகிறது.

கியர் குமிழுக்குக் கடைசல் மரம் அழகு. அம்பாசமுத்திரம் பக்கம் மரச் சொப்புக் கடைகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் தேக்கில் மூன்று குமிழ் கடைந்து வாங்கினேன். கம்பியின் மரை அளவுக்குச் சரியான நட்டை எடுத்துச் சென்று, அதை எபாக்ஸி போட்டு மரத்துக்குள் பதிக்கச் சொல்ல வேண்டும். மரத்திலேயே மரை வெட்டினால் அதிர்வில் ஒரு மாதம் தாங்காது.

விரிசல் விட்ட ஸ்டீரிங்கை மாற்றிவிடாதீர்கள். ஹாக்சா பிளேடால் விரிசலை 'வி' வடிவில் அகலப்படுத்தி, ஸ்பிரிட்டால் துடைத்து, எம்-சீல் அடைத்து, ஒரு நாள் விட்டு 120, 220, 400 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் விரலுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் இரும்பு வளையமே துருப்பிடித்து அறுந்திருந்தால் மட்டும் இந்த வேலை ஆகாது, வேறு ஸ்டீரிங்தான்.

மின்சார இணைப்பில் ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்பில் உள்ள அம்மீட்டர் வழியாகத்தான் வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் ஓடும். அதன் முனையிலிருந்து கைப்பேசி சார்ஜருக்கும் கூடுதல் விளக்குக்கும் வயர் இழுத்தால் முனை சூடாகி உருகும். புதிய எதற்கும் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம். சார்ஜரை டேஷ்போர்டில் துளைக்காமல் கையுறைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

பிள்ளையார் இல்லாமல் எங்கள் பக்கம் வண்டி கிளம்பாது. கனமான பித்தளைப் பிள்ளையாரை டேப்பில் ஒட்டினால், திடீர் பிரேக்கில் அவர் பிய்த்துக்கொண்டு முன் கண்ணாடியில்தான் மோதுவார். சிறிய சிலையாக வாங்கி, அடியில் மரை போட்டு, அறிவிப்புத் தகட்டின் ஏதாவது ஒரு பழைய துளையிலேயே கீழிருந்து நட்டு போட்டு முடுக்குங்கள்.

தரைக்குத் தேங்காய் நார் மிதியடி வேண்டாம். அது நாலு நாள் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டைத் தின்னும். வரிவரியாக மேடு உள்ள ரப்பர் விரிப்பை வெட்டிப் போட்டு, தரையில் உள்ள வடிகால் துளைகளுக்கு நேராக அதிலும் துளை விடுங்கள். எல்லா வேலையும் முடிந்து முதல் மழை பெய்த மறுநாள் காலை, விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் நிற்கிற இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிட்டு, காய்ந்த பிறகு அந்த வட்டத்துக்குள் மட்டும் உப்புத்தாள் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசி, மறுநாள் விரிப்பைப் போடுங்கள்.